பெயர் போடாத கிடார்க்காரர்

என் போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் இருப்பவர்கள் எல்லோரும் என்னைப் போலக் கிடாரை வைத்திருப்பவர்கள், ஆனால் அதை வைத்துப் பிழைக்காதவர்கள். ஈரோட்டில் ஒரு பல் டாக்டர், நாகர்கோவிலில் ஒரு வங்கி மேனேஜர், துபாயில் கிரேன் ஓட்டுகிற தம்பி ஒருவர், இப்படி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஒரு கேள்வி போட்டிருந்தார். ஒரே ஒரு நாள் யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று.

பதில்கள் மளமளவென்று வந்தன. பல் டாக்டர் எப்போதோ செத்துப்போன ஒரு சுருட்டைமுடி வெள்ளைக்காரரைக் கூப்பிட்டார். இன்னொருவர் பெரிய பெரிய பெயர்களாக ஏழெட்டுப் பேரை எழுதி, எல்லோரும் ஒரே மேடையில் வேண்டும் என்றார். ஆசைக்கு என்ன வாடகையா? கிரேன் தம்பி மட்டும், சொன்ன நேரத்துக்கு வருகிற டிரம்மர் யாராக இருந்தாலும் தனக்குப் போதும் என்று எழுதியிருந்தார். அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்.

நான் அப்போது உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கோவில்பட்டியில் பயறு, உளுந்து கமிஷன் கடை. ஊருக்கெல்லாம் சுத்தமான உளுந்து போகும், வியாபாரி வீட்டுக்கு மட்டும் கல்லோடுதான் வரும். ஒரு கையில் போனும் ஒரு கையில் கல்லுமாக அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைக் கட்டைவிரலால் நாலு வரியில் எழுத முடியாது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது இடைசெவலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் ஐயாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பருத்தியும் கம்பும் போடுகிற அளவுக்குக் கரிசல் நிலம் உண்டு. கிடாருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பம்பாயில் ஹோட்டல் வேலை பார்த்த என் தாய்மாமா, ரூமைக் காலி செய்துவிட்டுப் போன யாரோ விட்டுப்போன கிடாரை ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். தான் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ரெண்டு நாள் மடியில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பம்பாய்க்கு ரயில் ஏறும்போது அதை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தோடு அது எனக்கு வந்தது.

ஊரில் அதைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “என்னட்டி, சுரைக்காய்க்குக் கம்பி கட்டி வச்சிருக்கிய” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. கோவில்பட்டியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இறைவணக்கத்துக்குக் கிடார் வாசிக்கிற டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் எனக்கு மூன்று கார்டு, அதாவது கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற மூன்று விரல்பிடி, சொல்லிக் கொடுத்தார். அந்த மூன்றையும் நான் சரியாகப் பிடிப்பதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. மிச்சமெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கேசட்.

ஒரு சினிமாப் பாட்டு. எந்தப் படம் என்று சொல்லமாட்டேன், கேட்டால் ஆளுக்கொரு கருத்துச் சொல்வீர்கள். அந்தப் பாட்டு தொடங்கும்போது கிடார் மட்டும்தான். பிறகு பாடகர் வருவார், மற்றவையெல்லாம் வரும். நடுவில் ஒருமுறை வயலின் கூட்டமெல்லாம் ஒதுங்கி வழிவிட, மறுபடியும் கிடார் மட்டும் தனியாக வரும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குக் கை நகரும்போது தடித்த கம்பியில் விரல் உரசி ‘கீச்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மிகச் சின்னச் சத்தம். டேப் பெட்டியில் காதை ஒட்டவைத்தால்தான் கேட்கும். எனக்கு அந்தப் பாட்டிலேயே மிகவும் பிடித்தது அதுதான். மற்றதெல்லாம் இசை, இது மட்டும் ஆள். அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கை இருக்கிறது, அது நகருகிறது என்பது அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் யார் என்று கேசட் அட்டையில் தேடினேன். இசையமைப்பாளர் பெயர் இருந்தது. பாடியவர், எழுதியவர், படம் எடுத்தவர், படத்துக்குப் போட்டோ எடுத்தவர் பெயர்கூட இருந்தது. கிடார் வாசித்தவர் பெயர் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் தினமும் அவரோடு உட்கார்ந்து வாசிப்பேன். அவர் பெட்டிக்குள், நான் வெளியே. அவ்வளவு பெரிய வாசிப்புக்காரர் என் மூன்று கார்டைப் பொறுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு குறை. நான் எங்கேயாவது தடுக்கினால் அவர் நிற்கமாட்டார். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார், நான் கேசட்டைத் திருப்பி ஓட்டி மறுபடியும் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். அவருக்கு என் சத்தம் ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டால் போதும் என்று எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது. நடக்கிற காரியமா என்று யோசிக்கிற வயது அது இல்லை.

இப்போது பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது. ஆனால் ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருக்கிற அந்தப் பெட்டியின் வயரை எலி கடித்துவிட்டது. புது வயர் வாங்கிவாருங்கள் என்றால் ஐயா, “கரண்டுல ஓட்டுனா பெட்டி சூடாயிரும். நம்ம பேட்டரி போதும்” என்பார். பேட்டரி ஓய்ந்துவிட்டால் தூக்கிப்போடும் வழக்கம் எங்கள் பக்கம் அப்போது கிடையாது. வெயிலில் காயவைப்போம். மிளகாய் வத்தல் காய்கிற பாயின் ஓரத்திலேயே பேட்டரியும் வரிசையாகக் காயும். மத்தியானம் ஒருமுறை உருட்டிவிட வேண்டும், ஒரே பக்கம் காயக்கூடாதாம். சாயங்காலம் எடுத்தால் கையில் சுடும். பெட்டியில் போட்டால் பாட்டு வந்துவிடும். எங்கள் ஊர் வெயிலுக்கு அவ்வளவு சக்தி உண்டு என்று நாங்கள் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாட்டு வரும், ஆனால் நடந்து வரும். ஓய்ந்த பேட்டரியில் டேப் மெதுவாகச் சுற்றும், அதோடு சுதியும் இறங்கிவிடும். அது எனக்குத் தெரியாது. நான் அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டதே வெயிலில் காய்ந்த பேட்டரியில்தான். பாடகருக்குக் கொஞ்சம் வயதான, சளிகட்டிய குரல் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கோவில்பட்டி பஸ்ஸில் அதே பாட்டைப் போட்டபோது, டிரைவருக்குத்தான் அவசரம் என்றால் பாட்டுக்குமா அவசரம் என்று தோன்றியது. பஸ்தான் தப்பு, எங்கள் வீட்டுப் பெட்டிதான் சரி என்று இருந்துவிட்டேன். கிடாருக்குச் சுதி சேர்க்க எனக்கு வேறு எதுவும் கிடையாது. பெட்டியில் என்ன வந்ததோ அதற்குத்தான் என் கம்பிகளை முறுக்கினேன்.

பிறகு கல்யாணம் ஆகிக் கோவில்பட்டிக்கு வந்தேன். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் இறங்கிய வேனிலிருந்து கடைசியாகக் கிடாரும் இறங்கியது. “மாப்பிள்ளைக்கா?” என்று ஒருவர் கேட்டார். பொண்ணுக்கு என்றதும் அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். என் வீட்டுக்காரருக்கு இசை என்றால் காத தூரம். தாளம் போடச் சொன்னால் கதவைத் தட்டுவது போலத் தட்டுவார். ஆனால் ஒருநாளும் அதை எடுத்து உள்ளே வை என்று சொன்னதில்லை. பெட்டிக்குள் இருக்கிறவரைப் பற்றி முதல் வருடமே அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம், “இன்னைக்கு உன் ஆளு வந்தாரா?” என்று கேட்பார். வந்தார், போனார் என்பேன். “காப்பி குடுத்தியா?” என்பார்.

மத்தியானம் கடைச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பெட்டிக்குள் இருக்கிறவரோடு உட்கார்வேன். பிள்ளைகள் பிறந்தார்கள், கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் போன் வந்தது. கோடையில் ஒருமுறை கிடாரின் பின்பக்கம் கோடாக வெடித்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற எங்கள் பங்காளி வீட்டிலிருந்து வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கொடுத்து ஒட்டினார்கள். தீக்குச்சியில் மருந்தைப் பிடித்துவைக்கிற பசை, கிடாரைப் பிடிக்காதா? இன்றுவரை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மழை நாளில் மட்டும் லேசாக வாடை வரும்.

மனிதர்களோடு வாசித்துப் பார்க்காமலும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை பஜனை நடத்தினார்கள். என்னையும் கிடாரோடு வரச் சொன்னார்கள். ஆர்மோனியப் பெட்டி வைத்திருந்த அக்கா ஒரு நாமாவளியைத் தொடங்கினார், நானும் சேர்ந்தேன். ரெண்டாவது வரியிலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்மோனியம் ஒரு பக்கம் போகிறது, கிடார் ஒரு பக்கம் போகிறது. “எம்மா, ஒனக்கு வீட்டுல தனியா வாசிச்சுப் பழக்கம். கூட்டத்தோட சேர மாட்டேங்குது” என்றார் அக்கா. நல்ல மனுஷி, வைது அனுப்பவில்லை. கிடாரை ஓரமாக வைக்கச் சொல்லிக் கையில் ஜால்ராவைக் கொடுத்தார். எனக்கு அன்றைக்கு வந்த அழுகையை அடக்கிக்கொண்டு ஜால்ரா தட்டினேன். என்னால் யாரோடும் சேர்ந்து வாசிக்க முடியாது, பெட்டிக்குள் இருக்கிறவர் ஒருவர்தான் எனக்கு வாய்த்தவர் என்று அன்றோடு முடிவுகட்டினேன்.

காரணம் தெரிந்தது என் மகன் காலேஜ் முடித்து வந்தபோதுதான். போனை என் கிடார் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொன்னான்.

“அம்மா, உன் கிடார் மொத்தமும் அரைக் கட்டை கீழ இருக்கு.”

“நீ பொறக்கதுக்கு முன்னாடியே அது அங்கனதான் இருக்கு” என்றேன்.

“எத்தனை வருசம் இருந்தாலும் தப்பு தப்புதானம்மா.”

அப்படியானால் போனில் பாட்டைப் போட்டு எப்படி வாசித்தாய் என்று கேட்டான். சிடியில் வந்த பாட்டும் போனில் வருகிற பாட்டும் பஸ் பாட்டு மாதிரி எனக்கு ஒத்துவரவில்லை, நான் சத்தத்தைக் குறைத்துவைத்து மனதுக்குள் இருக்கிற பழைய பாட்டோடுதான் வாசிக்கிறேன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனே கம்பிகளை ஏற்றிச் சரியான சுதியில் வைத்துக் கொடுத்தான். வாசித்தேன். பாட்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் யார் வீட்டிலோ போய் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவன் சென்னைக்குப் பஸ் ஏறியதும் பழையபடி இறக்கிவிட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது. தப்பு பேட்டரி மேல், பழி என் மேலா?

இனி நடந்ததைச் சொல்கிறேன். ரெண்டு வருடத்துக்கு முந்திய தை மாதம். என் வீட்டுக்காரரோடு வியாபாரம் செய்கிற ஒருவருடைய மகளுக்குக் கோவில்பட்டியிலேயே ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. நெருங்கின குடும்பம் என்பதால் நாங்கள் பெண்கள் மத்தியானமே போய்விட்டோம். மேடைக்குப் பக்கத்து அறையில் தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஹலோ, ஹலோ, செக்” என்று ஒருவர் நெடுநேரம் கத்தினார். பிறகு ஒரு கிடார் கேட்டது. பாட்டு எதுவும் இல்லை, சும்மா கை போன போக்கில் நாலு கார்டு. முதல் கார்டிலிருந்து ரெண்டாவதுக்குப் போகும்போது ‘கீச்’ என்றது.

என் கை தேங்காயோடு நின்றுவிட்டது. கிடார் என்றால் யார் வாசித்தாலும் அந்தச் சத்தம் வரும்தான், அது எனக்குத் தெரியாதா? ஆனால் ஒருவர் செருப்புச் சத்தத்தை வைத்து வருவது யார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் இல்லையா? அப்படித்தான் தெரிந்தது. எழுந்து கதவோரம் நின்று பார்த்தேன். தலை நரைத்த, ஒல்லியான ஒரு மனிதர், கட்டம் போட்ட சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்து கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பை போடுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பந்திக்கு இலைக்கட்டு வந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

“என்னட்டி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“அவிய வந்திருக்காவ.”

“எவிய?”

“என் ஆளு.”

அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் கேலி பேசிய மனிதர், அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. கதவு வழியாக எட்டிப் பார்த்தார். “அந்தக் கண்ணாடி போட்ட அண்ணாச்சியா?” என்றார். நான் தலையாட்டி முடிப்பதற்குள் மேடைக்குப் போய்விட்டார். நான் போக வேண்டாம் என்று சொல்வதற்குள் பேசியும்விட்டார். அவர் சொன்னது அந்த அறை வரைக்கும் எனக்கு நன்றாகக் கேட்டது.

“அண்ணாச்சி, எங்க வீட்டுல முப்பது வருசமா ஒங்களோட வாசிச்சிக்கிட்டு இருக்காவ. ஒங்களுக்குத் தெரியாது.”

அதன் பிறகு ஒளிந்துகொள்ள வழியில்லை. போய் நின்றேன். அவர் எழுந்து கும்பிட்டார். எந்தப் பாட்டு என்று கேட்டார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

“நான்தான் வாசிச்சேன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. சென்னையில அப்பக் காலையில ஒரு படம், மத்தியானம் ஒரு படம்னு ஓடும். கிடாருக்கே நாங்க மூணு பேர் இருந்தோம். பேப்பரைப் பார்த்து வாசிப்போம், எழுந்திரிச்சு அடுத்த ஸ்டூடியோவுக்குப் போயிருவோம். அது என்ன படம்னுகூடப் பல தடவை தெரியாது.”

“நீங்கதான்” என்றேன்.

“எப்படிச் சொல்றீங்க?”

“ரெண்டாவது கார்டுக்குப் போகையில கீச்சுன்னு ஒரு சத்தம் வரும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அந்தச் சத்தத்துக்கு நான் வாங்காத திட்டு இல்லை. மத்த ரெண்டு பேருக்கும் வராது, எனக்குத்தான் வரும். ஒலிப்பதிவு இன்ஜினியர் தலையில அடிச்சுக்குவார். அப்ப நான்தாம்மா, நானேதான்.” பிறகு தன் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அட்டையில் போட வேண்டியவர்கள் போடவில்லை, இனி அது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

“உங்க கிடார் எங்க?” என்றார்.

வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் போய், கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்ததும் பை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். அதற்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் என்னவென்றால், பெட்டிக்குள் இருந்தவரை அவர் என்னை ஒன்றும் சொன்னதில்லை. இப்போது கேட்டுவிட்டு, இதையா இத்தனை வருடம் வாசித்தாய் என்று ஒரு பார்வை பார்த்தால்கூடப் போதும், நாளை மத்தியானம் நான் யாரோடு உட்கார்வது? எனக்கு வேறு யாரும் இல்லையே.

“ஆரம்பிங்க, நான் சேர்ந்துக்கறேன்” என்றார். ஆரம்பித்தேன். அவர் சேர்ந்தார். உடனே தெரிந்துவிட்டது. ரெண்டு கிடாரும் ரெண்டு ஊரில் இருந்தன. கீபோர்டு தம்பி முகத்தைச் சுளித்தான். பின்னால் நின்ற பெண்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. பஜனையில் திரும்பிப் பார்த்தார்களே, அதே பார்வைதான். நான் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“மன்னிச்சிக்கிடுங்க. என் கிடார் அரைக் கட்டை கம்மி” என்றேன்.

“ஏன் அப்படி வச்சிருக்கீங்க?”

சொன்னேன். எலி கடித்த வயர், ஐயா, வத்தல் பாய், உருட்டிவிட்ட பேட்டரி எல்லாவற்றையும் சொன்னேன். கீபோர்டு தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

“தனியா ஒரு தடவை வாசிங்க. உங்க வீட்டுல எப்படி வாசிப்பீங்களோ அப்படி” என்றார்.

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தன் கிடாரை மடியில் படுக்கவைத்து, என் பக்கம் காதைச் சாய்த்து, முதல் கம்பியைத் தட்டச் சொன்னார். தட்டினேன். அவர் தன் முதல் கம்பியை மெதுவாக இறக்கினார். அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

“சார், ஆறு மணிக்குக் கச்சேரி. மறுபடி எல்லாத்தையும் ஏத்தணும்” என்றான் கீபோர்டு தம்பி.

“ஏத்திக்கலாம்ப்பா. நீ டீ குடிச்சிட்டு வா.”

ஒவ்வொரு கம்பியாக நான் தட்டத் தட்ட அவர் இறக்கினார். அவசரமே படவில்லை. தடித்த கம்பி வந்தபோது அது சரியாக நிற்கவில்லை. ரெண்டு முறை இறக்கி, ஒருமுறை ஏற்றி, மறுபடி இறக்கினார். எங்கள் ஊர் வெயில் காயவைத்த சுதிக்குச் சென்னை ஸ்டூடியோவில் வாசித்த ஒரு கிடார் இறங்கி வந்தது. என் மகன் தப்பு என்று சொன்ன இடத்தில் இப்போது நாங்கள் ரெண்டு பேர் இருந்தோம்.

வாசித்தோம். இந்த முறை ஒன்றாக இருந்தது. எவ்வளவு ஒன்றாக என்றால், எது என் சத்தம், எது அவருடையது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. பாடகர் வருகிற இடத்தில் அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். நடுவில் கிடார் மட்டும் தனியாக வருகிற இடம் வந்தது. ஆயிரம் தடவை வாசித்த இடம். சந்தோஷத்தில் விரல் மறந்து, சரியாக அங்கேதான் நான் தடுக்கினேன். பழைய பழக்கத்தில், போய்விடுவார், இனி முதலிலிருந்துதான் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. அதே கார்டிலேயே நின்று, அதையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலைத் தேடிப் பிடித்துச் சேர்ந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போனார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது. என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டு கடைசிக்கு வந்தது. தொடக்கத்தில் வந்த அதே நாலு கார்டு திரும்பத் திரும்ப வரும். வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இதை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியாது. கேசட்டில் இந்தப் பாட்டுக்கு முடிவே இல்லை. சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும், அவ்வளவுதான். அது தேய்கிறபோது நானும் கையை எடுத்துவிடுவேன். இங்கே தேய்வதற்கு எதுவும் இல்லை, ரெண்டு ஆள்தான் இருக்கிறோம்.

“எப்படி முடிப்பீங்க?” என்று வாசித்துக்கொண்டே கேட்டேன்.

“நாங்க முடிக்கவே இல்லைம்மா” என்றார் அவரும் வாசித்துக்கொண்டே. “இன்ஜினியர் சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே போவார். நாங்க அவர் கை காட்டற வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருப்போம். நீங்க முடிங்க. நான் உங்களைப் பார்த்துக்கறேன்.”

எனக்கு முடிக்க மனமில்லை. ஒரு சுற்றுப் போனது. இன்னொன்று போனது. வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். முதல் விருந்தாளிகள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை, மைக் சரிபார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். டீ குடித்துவிட்டு வந்த கீபோர்டு தம்பி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நான் இன்னும் ஒரு சுற்று வாசித்தேன். நான் நிறுத்தாமல் இருந்தால் இந்த மனிதர் கல்யாணக் கச்சேரியை விட்டுவிட்டு இப்படியே வாசித்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

இந்தச் சுற்றோடு போதும் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, தலையையும் அசைக்கவில்லை. நாலாவது கார்டை மீட்டி, அது அடங்கும்வரை விட்டு, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அதே நொடியில் அவர் கையும் கம்பியின் மேல் இருந்தது. முப்பது வருடமாக நான் நிறுத்திய பிறகும் அவர் போய்க்கொண்டேதான் இருந்தார். அன்றைக்கு நான் நிறுத்தினேன், அவரும் நின்றார்.